கல்லீரலில் களைத்துப்போன காவலர்கள்

இந்த மாத அறிவியல் பாடத்தை என்னிடம் ஒப்படைத்த அண்ணன்மார்கள், "நீ மெக்கானிக்கல் எஞ்சினியரிங் படிக்கிற பையன், ஏதாவது இயந்திரத்தைப் பத்தி எழுது தம்பி" என்றுதான் சொன்னார்கள். நான் கல்லீரலைப் பற்றி எழுதப் போகிறேன். அதற்குக் காரணம் என் தாய்மாமாவின் லாரியில் கிடைத்த ஒரு கடிதம்.

நாலு வருஷத்துக்கு முன்னால் கோயில் மண்டபத்தில் நாம் இரத்த தான முகாம் நடத்தினோம். மாமாவும் வந்து இரத்தம் கொடுத்தார். சில வாரங்களில் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. அவருடைய இரத்தத்தில் ஹெப்பாடைட்டிஸ் பி கிருமியின் அடையாளம் இருக்கிறது, உடனே மருத்துவரைப் பார்க்கவும் என்று அதில் எழுதியிருந்தது. மாமா அதை நாலாக மடித்து லாரி டேஷ்போர்டுக்குள் போட்டுவிட்டார். அத்தையிடம்கூட சொல்லவில்லை. போன வருஷம் ஆயுத பூஜைக்கு லாரியைக் கழுவித் துடைத்தபோது அது என் கையில் கிடைத்தது.

"என்ன மாமா இது?"

"அது ஒன்னும் இல்லடா. நான் என்னைக்காவது நோய்னு படுத்து நீ பாத்திருக்கியா? உள்ள நோய் இருந்தா தெரியாதா?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் மாமாவோடு கிளினிக்குக்குப் போய், மருத்துவரிடம் கேட்டு, நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லீங்க. உங்கள் உடம்பைப் பற்றிய முடிவை உங்கள் மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். ஆனால் இந்த நோயில் நம் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை யார் வேண்டுமானாலும் புரிந்துகொள்ளலாம்.

ஒரே வீடு, இரண்டு முடிவுகள்

மாமாவுக்கு இருக்கிறது என்று உறுதியானதும், "கூடப் பிறந்தவங்களும் பரிசோதனை செஞ்சுக்கணும்" என்று மருத்துவர் சொன்னார். மாமாவுக்கு ஓர் அக்காள்தான். அது என் அம்மா.

இந்தப் பரிசோதனையில் முக்கியமாக மூன்று விஷயம் பார்ப்பார்கள். முதலாவது, வைரஸின் மேலுறைப் புரதம். அது இருந்தால் கிருமி இப்போது உடம்பில் இருக்கிறது. இரண்டாவது, வைரஸின் உட்பகுதிக்கு எதிராக உடம்பு தயாரித்த எதிர்ப்பொருள். அது இருந்தால் இந்தக் கிருமி எப்போதோ ஒரு நாள் உள்ளே வந்திருக்கிறது. மூன்றாவது, மேலுறைக்கு எதிரான எதிர்ப்பொருள். அது இருந்தால் பாதுகாப்பு இருக்கிறது. தடுப்பூசி போட்டவர்களுக்கு மூன்றாவது மட்டும்தான் இருக்கும்.

மாமாவுக்கு முதலாவதும் இரண்டாவதும் இருந்தன. அம்மாவுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தன. அதாவது அதே கிருமி அம்மா உடம்புக்குள்ளும் வந்திருக்கிறது. ஆனால் அம்மாவின் உடம்பு அதை ஜெயித்துவிட்டது.

இரண்டு பேரும் பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர்கள். அம்மா 1974, மாமா 1977. ஒரே தாய், ஒரே வீடு, ஒரே கிருமி. ஒருவர் ஜெயித்தார், ஒருவர் ஜெயிக்கவில்லை. ஏன்? இந்தப் பாடம் முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

பொறுமையான உறுப்பு

பெரியவர்களின் கல்லீரல் சுமார் ஒன்றரை கிலோ எடை இருக்கும். அதற்குள் போகும் இரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து நேரே வருகிறது. நாம் சாப்பிட்ட சாப்பாட்டின் சத்து, குடலில் வாழும் பாக்டீரியாக்களின் துகள், வெளியிலிருந்து வந்த புரதம் எல்லாமே அந்த இரத்தத்தில் இருக்கும்.

இப்போது யோசித்துப் பாருங்கள். நம் நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலை, அந்நியப் பொருளைக் கண்டால் பாய்வது. நாசி லெமாக் சாப்பிடும் ஒவ்வொரு முறையும் அவை பாய்ந்து சண்டை போட்டால் கல்லீரல் என்ன ஆகும்? அதனால் கல்லீரலுக்கு இயற்கையாகவே பொறுமை அதிகம். அதன் இரத்தக் குழாய்ச் சுவர்களில் குப்ஃபர் அணுக்கள் உட்கார்ந்திருக்கின்றன. அடிபட்ட இரத்த அணுக்களையும் குடலிலிருந்து வரும் குப்பையையும் விழுங்கிச் சுத்தம் செய்வது அவற்றின் வேலை. அதோடு, "அவசரப்படாதே" என்று மற்ற அணுக்களுக்குச் சொல்லும் இரசாயனச் செய்திகளையும் அவை அனுப்புகின்றன. கல்லீரல் மாற்று அறுவைச் சிகிச்சையில் மற்ற உறுப்புகளைவிடக் கல்லீரலை உடம்பு எளிதாக ஏற்றுக்கொள்வதற்கும் இந்தப் பொறுமை ஒரு காரணம்.

ஹெப்பாடைட்டிஸ் பி வைரஸ் வந்து குடியேறுவது இந்தப் பொறுமையான இடத்தில்தான். அதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது. இந்த வைரஸ் தான் குடியிருக்கும் கல்லீரல் அணுவை நேரடியாகக் கொல்வதில்லை. சளிக்காய்ச்சல் கிருமி மாதிரி உடனே ஆர்ப்பாட்டமும் செய்வதில்லை. உட்கருவுக்குள் போய்த் தன் டி.என்.ஏ.வை ஒரு சிறு வளையமாக ஒளித்து வைத்துக்கொண்டு, அங்கிருந்து பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும். அப்படியானால் கல்லீரலைக் கெடுப்பது யார்?

நம்முடைய சொந்த எதிர்ப்பு அணுக்கள்தான். எனக்கும் இதைப் படித்தபோது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

ஜெயிக்கிற சண்டை எப்படி இருக்கும்?

முதலில் வருவது என்.கே அணுக்கள். உடம்பின் மற்ற பகுதிகளைவிடக் கல்லீரலில் இவை நிறைய. அடையாளம் தெரியாவிட்டாலும், ஓர் அணு ஒழுங்கற்று நடந்துகொண்டால் சந்தேகப்பட்டு அடிக்கும் ரோந்துப் படை மாதிரி.

பிறகு வருவது டி அணுக்கள். இவற்றில் ஒவ்வொன்றும் ஒரே ஓர் எதிரியின் முகத்தைத்தான் அடையாளம் காணும். கொல்லும் டி அணு, வைரஸின் துண்டைக் காட்டும் கல்லீரல் அணுவைக் கண்டுபிடித்து அதைச் சாகடிக்கும். மூன்றாவதாக பி அணுக்கள். இவை எதிர்ப்பொருள்களைத் தயாரித்து இரத்தத்தில் விடும். அந்த எதிர்ப்பொருள்கள், வைரஸ் அடுத்த அணுவுக்குள் நுழைவதற்கு முன்பே அதன் மேலுறையில் ஒட்டிக்கொண்டு வழியை மறிக்கும்.

கொல்வது மட்டும்தான் வழியா? இல்லை. 1999இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குய்டோட்டி, சிசாரி ஆகிய ஆய்வாளர்களின் குழு, ஹெப்பாடைட்டிஸ் பி தொற்றிய சிம்பன்சிக் குரங்குகளைக் கவனித்தது. கல்லீரல் பாதிப்பு உச்சத்துக்குப் போவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே வைரஸின் டி.என்.ஏ. பெரும்பகுதி மறைந்துபோயிருந்தது. எதிர்ப்பு அணுக்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் போன்ற பொருள்கள், அணுவைக் கொல்லாமலேயே உள்ளே இருக்கும் வைரஸை அடக்குகின்றன என்று அதிலிருந்து தெரிந்தது. கல்லீரலில் கோடிக்கணக்கான அணுக்களில் கிருமி பரவியிருக்கும்போது, எல்லாவற்றையும் கொன்றுதான் ஜெயிக்க வேண்டும் என்றால் மனிதனே மிஞ்சமாட்டான். நல்ல படை வீட்டை இடிக்காமல் திருடனைப் பிடிக்கிறது.

அம்மாவும் கீழாநெல்லியும்

அம்மாவுக்குப் பதினாறு வயதில் மஞ்சள் காமாலை வந்ததாம். கண்ணெல்லாம் மஞ்சள், சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டல், ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. பாட்டி தினமும் காலையில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்களாம். சரியாகிவிட்டது. அதனால் மாமாவின் கடிதத்தைப் பார்த்ததும் அம்மா முதலில் சொன்னது: "ஏன்டா தம்பி, இத மூணு வருஷமா மறைச்சி வச்சிருந்தியா? ஆஸ்பத்திரி எல்லாம் அப்புறம் பாக்கலாம், நாளைக்கே கீழாநெல்லி பறிச்சிட்டு வர்றேன்."

அந்தக் காமாலைதான் ஹெப்பாடைட்டிஸ் பியாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். பெரியவர்களுக்கும் வளர்ந்த பிள்ளைகளுக்கும் இந்தக் கிருமி தொற்றினால், அவர்களுடைய டி அணுக்கள் பலமாகப் பாயும். அந்தச் சண்டையில் கல்லீரல் அணுக்கள் பல சாகும். அப்போது கல்லீரலால் பித்த நிறத்தை வெளியேற்ற முடியாமல் கண் மஞ்சளாகிறது. அதாவது அம்மாவின் மஞ்சள் கண்கள், உள்ளே படை மும்முரமாகச் சண்டை போட்டதற்கு அடையாளம். பெரியவர்களில் 100 பேருக்குத் தொற்றினால் 95 பேருக்கு மேல் இப்படி உடம்பே ஜெயித்துவிடும். காமாலை வராமலேயே ஜெயிப்பவர்களும் உண்டு.

அப்படியானால் கீழாநெல்லி? நம் பாட்டிமார்களைக் குறை சொல்ல நான் எழுதவில்லை. அதை அறிவியலும் மதித்துச் சோதித்துப் பார்த்திருக்கிறது. 1988இல் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் கீழாநெல்லியை நாள்பட்ட ஹெப்பாடைட்டிஸ் பி உள்ளவர்களுக்குக் கொடுத்து, 'லான்செட்' என்னும் புகழ்பெற்ற மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். 37 பேரில் 22 பேருக்கு மேலுறைப் புரதம் மறைந்ததாக அதில் இருந்தது. அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் பரூக் பிளம்பர்க். இந்த வைரஸைக் கண்டுபிடித்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர் அவர்தான். அவருடைய பிறந்த நாளான ஜூலை 28தான் இப்போது உலக ஹெப்பாடைட்டிஸ் தினம். ஆனால் பிறகு மற்ற இடங்களில் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. அதனால் அது சிகிச்சையாக ஏற்கப்படவில்லை.

பாட்டியின் மோர் அம்மாவுக்குத் தெம்பு கொடுத்திருக்கும். ஜெயித்தது அம்மாவின் டி அணுக்கள். அந்த உண்மை தெரியாமல் அதே மருந்தை மாமாவுக்குக் கொடுத்து இன்னும் மூன்று வருஷம் காத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் பயமாக இருக்கிறது.

மாமாவின் காவலர்கள் ஏன் களைத்தார்கள்?

விடை பெரும்பாலும் வயதில் இருக்கிறது. பிறக்கும்போதோ கைக்குழந்தையாக இருக்கும்போதோ இந்தக் கிருமி தொற்றினால், 100 குழந்தைகளில் சுமார் 90 பேருக்கு அது நிலைத்துவிடும். பெரியவர்களுக்கு நேர் எதிர். மாமாவுக்குப் பிறந்தபோதோ தவழ்கிற வயதிலோ வந்திருக்கும், அம்மாவுக்கு வளர்ந்த பிறகு வந்திருக்கும் என்பது மருத்துவரின் கணிப்பு. பாட்டி இப்போது இல்லை, பரிசோதித்துப் பார்க்க வழியில்லை.

குழந்தையின் எதிர்ப்பு மண்டலம் அப்போதுதான் உலகத்தைப் பழகிக்கொண்டிருக்கிறது. எது நம்முடையது, எது அந்நியம் என்று கற்றுக்கொள்ளும் பருவத்தில், பொறுமையான கல்லீரலுக்குள் அமைதியாக வந்து உட்காரும் விருந்தாளியை அது பலமாக எதிர்ப்பதில்லை. பல வருஷங்கள், சிலருக்கு இருபது முப்பது வருஷங்கள்கூட, பெரிய சண்டை இல்லாமல் ஓடிவிடும். இரத்தத்தில் வைரஸ் கோடிக்கணக்கில் இருக்கும், கல்லீரலோ பெரிய சேதமில்லாமல் இருக்கும்.

அதோடு வைரஸ் ஏமாற்று வேலையும் செய்கிறது. முழு வைரஸைவிட ஆயிரம் மடங்குக்கும் அதிகமாக, உள்ளே ஒன்றுமில்லாத வெறும் மேலுறைகளை இரத்தத்தில் விடுகிறது. எதிர்ப்பொருள்கள் அந்தப் போலிகளைப் பிடிப்பதிலேயே தீர்ந்துபோகின்றன. இரவும் பகலும் எதிரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் டி அணுக்கள் களைத்துப் போகின்றன. இது உவமை இல்லீங்க, அறிவியல் நூல்களிலேயே இதற்குக் 'களைப்பு' என்றுதான் பெயர். களைத்த டி அணு தன் மேற்பரப்பில் பி.டி-1 என்னும் புரதத்தை நிறைய வைத்துக்கொள்ளும். அது ஒரு பிரேக். ஜப்பானின் தாசுகு ஹோஞ்சோவின் ஆய்வுக்கூடம் 1992இல் கண்டுபிடித்த புரதம் இது. இந்தப் பிரேக்கை விடுவித்துப் புற்றுநோயை எதிர்க்கலாம் என்று காட்டிய வழிக்காக அவருக்கு 2018இல் ஜேம்ஸ் அலிசனோடு சேர்ந்து நோபல் பரிசு கிடைத்தது. களைத்த டி அணு இன்டர்ஃபெரானைச் சரியாகச் சுரக்காது, பெருகாது, சீக்கிரம் செத்தும் போகும்.

சரி, களைத்துவிட்டால் சண்டை நின்றுவிடுமே, கல்லீரல் தப்பித்துவிடுமே என்று நான் மருத்துவரிடம் கேட்டேன். "அங்கதான் பிரச்சினையே" என்றார்.

பொறுமைக் காலம் எப்போதும் நீடிப்பதில்லை. ஒரு கட்டத்தில் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொண்டு அடிக்க ஆரம்பிக்கும். ஆனால் ஜெயிக்கும் அளவுக்கு பலம் இருக்காது. 2000ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. வைரஸைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்களின் கல்லீரலிலும், கல்லீரல் கெட்டுக்கொண்டிருந்தவர்களின் கல்லீரலிலும், இந்த வைரஸை அடையாளம் காணும் டி அணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. வித்தியாசம் எங்கே என்றால், கல்லீரல் கெட்டுக்கொண்டிருந்தவர்களிடம் வேறு அணுக்கள் பெருங்கூட்டமாக உள்ளே புகுந்திருந்தன. அவற்றுக்கு எதிரி யாரென்றே தெரியாது. சத்தம் கேட்டு ஓடிவந்த கூட்டம். திருடனைப் பிடிக்கத் தெரிந்த நாலு பேர் நடுவில் நிற்க, கம்போடு வந்த நானூறு பேர் வீட்டுக் கண்ணாடியை உடைக்கிற மாதிரி.

தழும்பு: எனக்குத் தெரிந்த பாடம்

இங்கிருந்து என் துறைக்குள் வந்துவிடுகிறேன். ஓர் இரும்புத் தண்டை ஒரே அடியில் உடைக்கப் பெரிய விசை வேண்டும். ஆனால் அதைவிட மிகச் சிறிய விசையைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால், வெளியே ஒன்றும் தெரியாமலேயே உள்ளே மயிரிழை விரிசல் உண்டாகி, வளர்ந்து, ஒரு நாள் தண்டு பட்டென்று உடையும். இதை உலோகக் களைப்பு என்போம். லாரி ஆக்சில் உடைவது பெரும்பாலும் இப்படித்தான். மாமாவிடம் இதைச் சொன்னபோது உடனே புரிந்துகொண்டார். "ஆமாடா, ஆக்சில் உடையற அன்னிக்குக் காலையிலயும் லாரி நல்லாத்தான் ஓடும்" என்றார்.

கல்லீரலில் நடப்பதும் அதுதான். அம்மாவுக்கு வந்தது ஒரே பெரிய அடி. கல்லீரல் வளரும் தன்மை உள்ள உறுப்பு, இடித்ததைக் கட்டிக்கொண்டது. மாமாவுக்கு விழுந்தது வருஷக்கணக்கில் சின்னச் சின்ன அடிகள். ஒவ்வோர் அடிக்கும் எதிர்ப்பு அணுக்கள் 'காயம்' என்று செய்தி அனுப்பும். கல்லீரலில் நட்சத்திர வடிவ அணுக்கள் சில உண்டு. சாதாரணமாக வைட்டமின் ஏ சேமிப்பது அவற்றின் வேலை. குப்ஃபர் அணுக்களிடமிருந்தும் மற்ற அணுக்களிடமிருந்தும் இந்தச் செய்தி வந்தால், அவை வேலையை மாற்றிக்கொண்டு கொலாஜன் என்னும் நார்ப் பொருளைச் சுரந்து காயத்தைக் கட்டும். ஒரு காயம் என்றால் நல்லதுதான். முடிவில்லாத காயம் என்றால் கல்லீரல் முழுக்க நாராகிவிடும். அது முற்றினால் சிரோசிஸ். அதிலிருந்து கல்லீரல் புற்றுநோய்க்கும் வழி உண்டு. இந்த வைரஸின் டி.என்.ஏ. நம் டி.என்.ஏ.வுக்குள் போய்ச் சேர்ந்துகொள்வதால், சிரோசிஸ் வராமலேயே புற்றுநோய் வருவதும் உண்டு. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2022இல் 254 மில்லியன் பேருக்கு நாள்பட்ட ஹெப்பாடைட்டிஸ் பி இருந்தது.

நார் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? மாமாவுக்கு ஃபைப்ரோஸ்கேன் எடுத்தார்கள். விலா எலும்புகளுக்கு நடுவே ஒரு கருவியை வைத்து 'டக்' என்று ஒரு தட்டு. அந்த அதிர்வு கல்லீரல் வழியாக எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அல்ட்ராசவுண்டு அளக்கும். மென்மையான பொருளில் அதிர்வு மெதுவாகப் போகும், விறைப்பான பொருளில் வேகமாகப் போகும். விறைப்பு என்பது அடர்த்தியை வேகத்தின் இருமடியால் பெருக்கி, அதை மூன்றால் பெருக்கினால் கிடைப்பது. வேகம் வினாடிக்கு 1.3 மீட்டர் என்றால் விறைப்பு சுமார் 5 கிலோபாஸ்கல், நல்ல கல்லீரல். வேகம் 2 மீட்டர் என்றால் 12 கிலோபாஸ்கல், அது சிரோசிஸ் சந்தேகப்படும் இடம். மாமாவுக்கு வந்தது 9.4. நான் இரண்டாம் ஆண்டில் மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டு மறந்த சமன்பாடு, அன்றைக்கு மாமாவின் வயிற்றுக்குள் இருந்தது.

"உள்ள நோய் இருந்தா தெரியாதா?" என்ற கேள்விக்கு அந்த எண்தான் பதில். தெரியாது மாமா. காமாலை வந்து படுத்த அக்காளுக்கு நோய் போய்விட்டது. ஒரு நாளும் படுக்காத தம்பிக்குத் தழும்பு வளர்ந்துகொண்டிருக்கிறது.

இப்போது என்ன செய்ய முடியும்?

நிறைய முடியும். மாமா இப்போது தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறார். டெனோஃபோவிர், என்டெகாவிர் போன்ற மாத்திரைகள் வைரஸ் பிரதி எடுப்பதைத் தடுக்கும். பிரதி குறைந்தால் சண்டை குறையும், சண்டை குறைந்தால் தழும்பு வளர்வது நிற்கும். சிலருக்குப் பல வருஷத்தில் தழும்பு குறைவதும் உண்டு. ஆனால் உட்கருவில் ஒளிந்திருக்கும் அந்த வளையத்தை இந்த மாத்திரை அழிக்காது. அதனால் நன்றாக இருக்கிறதே என்று தானாக நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வைரஸ் எழும்பி, எதிர்ப்பு அணுக்கள் ஒரேயடியாகப் பாய்ந்து கல்லீரல் செயலிழக்கவும் கூடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் தொடர வேண்டும்.

ஜெயித்த அம்மாவுக்கும் ஒரு பாடம் உண்டு. கிருமியின் சுவடு அம்மாவின் கல்லீரலில் இன்னும் கொஞ்சம் இருக்கும். விழித்திருக்கும் டி அணுக்களும் பி அணுக்களும் அதைக் காவல் காக்கின்றன. பின்னாளில் புற்றுநோய்ச் சிகிச்சையோ, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தோ தேவைப்பட்டால், காவல் தளர்ந்து கிருமி மறுபடியும் தலைதூக்கலாம். அதனால் அம்மா இந்த முடிவை எந்த மருத்துவரிடமும் மறக்காமல் சொல்ல வேண்டும்.

நமக்கு? தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு நாடு முழுவதும் தடுப்பூசித் திட்டத்தைத் தொடங்கியது. பின்னாளில் அங்கே பிள்ளைகளுக்கு வரும் கல்லீரல் புற்றுநோயே குறைந்தது. சிங்கப்பூரில் 1987இலும் மலேசியாவில் 1989இலும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த ஊசி வந்தது. வைரஸின் மேலுறைப் புரதத்தை மட்டும் காட்டி பி அணுக்களைத் தயார்படுத்துவதுதான் அதன் வேலை. கிருமி கல்லீரலுக்குள் நுழைவதற்கு முன்பே எதிர்ப்பொருள் பிடித்துவிடும். ஏற்கனவே கிருமி குடியேறிவிட்டவருக்கு இந்த ஊசி பயன்படாது. நம்மில் பெரும்பாலோர் பிறந்த அன்றே போட்டுக்கொண்டவர்கள். நம் அம்மா, அப்பா, மாமா, அத்தைகளில் பலர் அதற்கு முன்னால் பிறந்தவர்கள். நமக்கு ஊசி இருக்கிறது என்று நாம் சும்மா இருந்துவிட முடியாது என்பதற்காகத்தான் இதை எழுதினேன்.

தட்டைத் தனியாக வைக்காதீர்கள்

விஷயம் தெரிந்ததும் மாமாவே வீட்டில் தனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்து வைத்துக்கொண்டார். என் சின்னத் தங்கச்சியைத் தூக்குவதையும் நிறுத்திவிட்டார். மூன்று வருஷம் அவர் கடிதத்தை மறைத்ததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமில்லை, இந்தக் கூச்சமும்தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. சேர்ந்து சாப்பிடுவதால், கட்டிப்பிடிப்பதால், ஒரே தட்டால், இருமலால் ஹெப்பாடைட்டிஸ் பி பரவாது. இரத்தத்தாலும், உடலுறவாலும், பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும்தான் பரவும்.

அதனால் ரேசர், பல் துலக்கும் பிரஷ், நகவெட்டி இவற்றைப் பகிரக்கூடாது. பச்சை குத்தும் ஊசி புதிதாக இருக்க வேண்டும். தைப்பூசத்துக்கு மொட்டை போடும்போது ஒவ்வொருவருக்கும் புது பிளேடு போடச் சொல்லிக் கேளுங்கள். அலகு குத்துபவர்கள் அவரவர்க்கென்று கிருமி நீக்கிய அலகை வைத்துக்கொள்ளுங்கள், கை மாற்றாதீர்கள். கேட்பதற்குத் தயங்க ஒன்றுமில்லை.

செய்து பார்க்க

1. வீட்டில் 1989க்கு முன் பிறந்த பெரியவர்கள் யாரெல்லாம் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். ஹெப்பாடைட்டிஸ் பி பரிசோதனை செய்திருக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அருகிலுள்ள கிளினிக்குக்கு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

2. உங்கள் தடுப்பூசிப் புத்தகத்தைத் தேடி எடுத்து, எல்லா ஊசியும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

3. பிள்ளை பெறப்போகும் அக்காவோ அண்ணியோ வீட்டில் இருந்தால், இந்தப் பரிசோதனை ஆகிவிட்டதா என்று கேளுங்கள். தாய்க்குக் கிருமி இருந்தாலும், பிறந்தவுடன் குழந்தைக்குத் தடுப்பூசியும் எதிர்ப்பொருள் ஊசியும் போட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

வகுப்பில் கலந்துபேச

1. காமாலை வந்தவர் தேறிவிட, ஒன்றுமே வராதவருக்கு ஆபத்து வந்தது ஏன்? டி அணுக்களை வைத்து விளக்குங்கள்.

2. "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லும் பெரியவரிடம், அவர் மனம் நோகாமல் நீங்கள் எப்படிப் பேசுவீர்கள்?

போன பொங்கலன்று மாமா வீட்டில் எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தோம். என் தங்கச்சி மாமா மடியில் உட்கார்ந்து அவர் இலையிலிருந்த சர்க்கரைப் பொங்கலை எடுத்துத் தின்றாள். மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா, "சாப்பிடட்டும் தம்பி, அவளுக்கு ஊசி எல்லாம் போட்டாச்சு" என்று சொல்லிவிட்டு, அவருக்கு இன்னொரு கரண்டி பரிமாறினார்.